சட்டத்துக்குள் ஆந்தை

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள். கையில் புழங்கும் காசு ஒன்று. எதிரே நிற்பவனிடம் இருக்கிறதா இல்லையா என்று நாம் சந்தேகப்படும் குணம் மற்றொன்று. கிரேக்கர்களின் 'நோமிஸ்மா'வுக்கும் இரட்டை வாழ்க்கை உண்டு, ஆனால் அது வேறு திசையில் போகிறது. 'நோமோஸ்' என்றால் சட்டம், வழக்கம், ஊர் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. நிகோமாகிய அறவியலின் ஐந்தாம் புத்தகத்தில் அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லுறவைப் பிடித்துக்கொள்கிறார்: நாணயம் இயற்கையால் அல்ல, நோமோஸால் இருக்கிறது, அதை மாற்றுவதும் செல்லாமல் ஆக்குவதும் நம் கையில். நமக்குக் காசு தனிமனிதனின் நேர்மைக்கு உறவு. அவர்களுக்கு ஊரின் சம்மதத்துக்கு உறவு.

அப்படியானால் அந்த ஊரின் சம்மதம் காலாவதியாகி 2,000 வருஷங்களுக்கு மேலான பிறகு, ஒரு பெண்ணின் கழுத்தில் தங்கச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் ஏதென்ஸ் வெள்ளிக்காசு என்னவாக இருக்கிறது? அதற்கு மதிப்புப் போடச் சொன்னால் நாம் எதற்கு மதிப்புப் போடுகிறோம்? ஒரு சட்டம் போன இடத்தில் இன்னொரு சட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சிலேடையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் விஷயம் சிலேடையோடு முடியவில்லை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ரோமானியச் சட்டவியலாளர் பொம்போனியுஸ் இந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் தொட்டிருக்கிறார். ஒருவன் தன் சொத்தின் அனுபவ உரிமையை மட்டும் இன்னொருவருக்கு உயிலில் எழுதிவைக்கலாம். அவர் வீட்டில் குடியிருக்கலாம், தோட்டத்துப் பழங்களை உண்ணலாம்; வீடும் தோட்டமும் குறையாமல் வாரிசிடம் திரும்ப வேண்டும். பணத்துக்கு இந்த ஏற்பாடு இயல்பில் பொருந்தாது. பணத்தை அனுபவிப்பது என்றால் அதைக் கைவிடுவது. (பிற்பாடு ஈடு வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள், வக்கீல்கள் எல்லாக் காலத்திலும் வக்கீல்கள்.) ஆனால் பழைய தங்க, வெள்ளிக் காசுகளை ரத்தினக் கற்களைப்போல் பயன்படுத்துவது வழக்கமாக இருப்பதால் அவற்றின் அனுபவ உரிமையை எழுதிவைக்கலாம் என்கிறார் பொம்போனியுஸ். ஜஸ்டினியன் காலத்து டைஜஸ்டில் அந்த வாக்கியம் தங்கிவிட்டது. ஆக, நகையில் ஏறிய காசு காசு அல்ல என்ற தீர்ப்பு ஏறத்தாழ 1,850 வருஷப் பழையது. செலவழிந்துபோகும் சக்தியை இழந்த பிறகுதான் காசு ஒரு பொருளாகிறது.

நம் காசுமாலை இதில் ஒரு தனி வகை. விக்டோரியா தலை போட்ட சவரனைக் கோத்தார்கள். 'பவுன்' என்பது நம் வீடுகளில் எட்டு கிராம், பிரிட்டனின் பணம் அல்ல. காசுமாலையின் காசைப் புரட்டிப் பார்த்து எந்த வருஷத்தது, எந்த அக்கசாலையில் அடித்தது என்று விசாரித்தவரை நான் கண்டதில்லை. எத்தனை பவுன் என்றுதான் கேட்போம். உலோகத்தைத் தவிர எதையும் நம்பாத ஞானம் அது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, ஆனால் ஏதென்ஸ் காசின் முன் அது பேச்சற்றுப்போகிறது. அதை வெள்ளியாக உருக்கினால் கிடைப்பது ஏல விலையில் ஒரு சிறு பங்குதான். மீதிப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது?

லண்டனில் இருந்த வருஷங்களில் எனக்கு ஒரு கிரேக்கக் குடும்பத்தோடு பழக்கம். அறுபதைத் தாண்டிய இரண்டு சகோதரிகள். அவர்களுடைய பாட்டி 1922 இல் ஸ்மிர்னா எரிந்தபோது கடற்கரைக்கு ஓடிவந்த கூட்டத்தில் ஒருத்தி. அவள் கழுத்திலிருந்த பதக்கம் பிரேயஸ் வழியாக, அம்மா வழியாக, இவர்களிடம் வந்திருந்தது. இளையவளுக்குப் பணம் தேவைப்பட்டது. மூத்தவள் பதக்கத்தைக் கொடுக்கத் தயாராக இல்லை, பாதி விலையைத் தந்துவிடத் தயார். என்ன விலை? காசுகளைப் பற்றிப் புத்தகம் படிக்கிறவன் என்ற ஒரே தகுதியில் என்னிடம் காட்டினார்கள்.

அடையாளம் காண்பதில் சிரமமில்லை. ஒருபக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா. மறுபக்கம் ஆந்தை, அதன் பின்னால் ஒலிவக் கிளையும் பிறையும், முன்னால் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று மூன்று எழுத்துகள். நாலு திராக்மா காசு, லௌரியோன் சுரங்கத்து வெள்ளி, இருக்கவேண்டிய எடை 17.2 கிராம். முகம் பக்கவாட்டில் இருக்கிறது, கண் மட்டும் பாதாம்பருப்பு வடிவில் நம்மை நேராகப் பார்க்கிறது. அந்தக் காலத்து ஏதென்ஸ் சிற்பிகளுக்குப் பக்கவாட்டுக் கண்ணைச் செதுக்கத் தெரியாமலில்லை. எகிப்திலும் சிரியக் கரையிலும் இருந்த சந்தைகள் பழைய முகத்தை நம்பின, அதனால் காசு பழைய முகத்தையே வைத்துக்கொண்டது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப கி.மு. நான்காம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. கலை நகர்ந்துகொண்டிருக்கும்போது நம்பிக்கை நகர மறுக்கும் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆந்தையின் வால் மூன்று சிற்றிறகுகளாகப் பிரியாமல் ஒரே முனையாக இருந்தது. ஆகவே கி.மு. 450ஐ ஒட்டித் தொடங்கி, பெலொபொனீசியப் போர் முடிந்த 404 வரை ஏதென்ஸ் அடித்துத் தள்ளிய பெருவரிசையைச் சேர்ந்தது. பார்த்தீனன் எழுந்த காலத்துப் பணம். அபூர்வமல்ல, ஏராளமாகக் கிடைப்பது.

ஆனால் இதெல்லாம் படத்தை அடையாளம் கண்டது. பொருளை அல்ல. அச்செடுத்து வார்த்த ஒரு போலியிலும் இதே கண், இதே ஒற்றை வால் இருக்கும். பொருளை அறிய விளிம்பைப் பார்க்கவேண்டும். வார்ப்புக் காசில் இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடு விளிம்பில் ஓடும், அல்லது அதை அரம் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும். செப்பு நெஞ்சின்மேல் வெள்ளித் தோல் போர்த்த காசாக இருந்தால் தோல் பெரும்பாலும் விளிம்பில்தான் கிழியும். நேர்மையாக விற்கப்படும் நகல்களில் பலவற்றுக்கும் அடையாள முத்திரையை விளிம்பில்தான் குத்துகிறார்கள். எடை இருக்கிறது, அதுவும் தனிக்காசின் எடை. பதக்கத்தை நிறுத்தால் தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு எண் கிடைக்கிறது, அதைப் பிரிக்க வழியில்லை. காசை நகையாக்கும் அந்தத் தங்க வளையம் மறைப்பது, காசைப் பற்றி உண்மை பேசக்கூடிய அந்த ஒரே இடத்தைத்தான்.

மேற்பரப்பு கொஞ்சம் பேசும். சுத்தியல் விழுந்த வேகத்தில் உலோகம் மையத்திலிருந்து வெளியே ஓடிய நுண்கோடுகள் தெரிந்தால் நல்லது. வார்ப்பின் குமிழிப் புள்ளிகள் தெரிந்தால் கெட்டது. பாட்டியும் அம்மாவும் விரலால் வருடி வருடி இரண்டையும் வழித்துவிட்டிருந்தார்கள். அன்பு ஒரு தடயத்தையும் விட்டுவைக்கவில்லை.

போலியைக் கண்டுபிடிக்கும் முறைகளில் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. கையால் அடித்த காசுகளில், ஒரே அச்சில் பிறந்த இரண்டுக்குப் படம் ஒன்றாக இருக்கும். வெள்ளித் துண்டின் வடிவமும், படம் எந்தப் பக்கம் ஒதுங்கி விழுந்தது என்பதும், விளிம்பு வெடித்த இடமும் ஒன்றாக இரா. ஆகவே உலகில் எங்காவது இன்னொரு காசு நம் காசோடு இந்த விபத்துகளிலும் ஒத்துப்போனால், இரண்டில் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே. உண்மையோடு ஒத்துப்போகாததுதான் போலி என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே அளவுக்கு மீறி ஒத்துப்போவதுதான் போலி. மௌனியைப் போலவே எழுதப்பட்ட கதைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. மௌனியின் எந்த இரண்டு கதைகளும் தமக்குள் அவ்வளவு ஒத்திருப்பதில்லை.

ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனோம். வளையம் இரண்டு இடங்களில் காசோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. கழற்றினால் நிச்சயம் தெரிந்துவிடும் என்றார். கழற்றினால் தழும்பும் நிச்சயம். ஏலப் பட்டியல்களில் 'முன்பு நகையில் பதிக்கப்பட்டிருந்தது' என்று இரண்டு மூன்று சொற்களில் அடைத்துவிடுவார்கள். அந்தச் சொற்களுக்கு விலையில் பல சமயம் பாதி போய்விடும், சில சமயம் அதற்கு மேலும். கவ்வு முள்ளால் பிடித்த நகையென்றால் பிழைத்திருக்கும். நெருப்பு பட்ட வெள்ளி பிழைப்பதில்லை. ரோமில் புல்காரி நிறுவனம் 1960களிலிருந்து பழங்காசுகளைப் பதித்து நகை செய்தது. அங்கே நகையின் விலையில் காசின் விலை கரைந்துவிடும், கழற்ற யாரும் நினைக்கமாட்டார்கள். இது ஸ்மிர்னாவில் பெயர் தெரியாத ஒரு தட்டான் செய்தது. நகையாகவும் பெரிய விலை இல்லை, காசாகவும் ஊனம்.

வியாபாரியின் கணக்கு இவ்வளவுதான். ஆனால் அதே பற்றவைப்புக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மண்ணிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டிய காசுகளால் சந்தை நிறைந்திருக்கிறது. 1970 இன் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பிறகு, ஒரு பழம்பொருள் அந்த வருஷத்துக்கு முன்பே வெளியே இருந்தது என்று காட்டுவது மனசாட்சி உள்ள வாங்குபவர்களுக்கு முக்கியமாகிவிட்டது. சீஸரைக் கொன்ற நாளைப் பொறித்து புரூட்டஸ் கி.மு. 42 இல் அடித்த தங்கக்காசு ஒன்று 2020 இல் லண்டன் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதனோடு வந்த பூர்வீக வரலாறு பொய் என்று தெரிந்து, 2023 இல் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. காசு அசல், காகிதம் போலி. நம் பதக்கத்தில் நேர்மாறு. காகிதமே இல்லை. ஆனால் 1922க்கு முந்திய வேலைப்பாடு கொண்ட தங்க வளையம், இந்தக் காசு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மண்ணைவிட்டு வந்துவிட்டது என்று சாட்சி சொல்கிறது. காயமும் சாட்சியமும் ஒரே பொருள். வளையத்தை வெட்டி எறிந்தால் காசைப் பற்றி ஒரு உண்மை கிடைக்கும், இன்னொரு உண்மை குப்பைக்குப் போகும். வியாபாரி இதைச் சொல்லவில்லை. அவருக்கு விற்பனைக்கு வேண்டியது முதல் உண்மை.

(கிரேக்க நாட்டிலேயே இருந்திருந்தால் சிக்கல் வேறு. 2002 ஆம் வருஷத்து 3028 ஆம் எண் சட்டப்படி பழங்காலத்துப் பொருள் கையிலிருந்தால் அறிவிக்க வேண்டும், வைத்துக்கொள்ள அனுமதி வாங்க வேண்டும். போலிக்கு எதுவும் வேண்டாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பது சௌகரியம் என்று ஆகிவிடுகிற இடம் அது. இவர்களுக்கு அந்தச் சௌகரியமும் கிடைக்கவில்லை.)

பழைய ஏதென்ஸ்காரர்களிடம் இந்தத் தயக்கங்கள் இல்லை. 1970 இல் ஏதென்ஸ் அகோராவில் தோண்டியபோது ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 375/4 இல் நிகோபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம். சந்தையில் பணமேஜைகளின் நடுவே ஒரு பரிசோதகன் உட்கார வேண்டும். அவன் பொது அடிமை, அதாவது ஊருக்குச் சொந்தமானவன். கொண்டுவரும் வெள்ளிக்காசை அவன் பார்ப்பான். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்கே வெட்டிவிட வேண்டும். ஏதென்ஸின் சின்னத்தையே போட்டு வேறெங்கோ அடித்த நல்ல வெள்ளியாக இருந்தால் கொண்டுவந்தவரிடமே திருப்பித் தரவேண்டும். அவன் ஒப்புக்கொண்ட காசை எந்த வியாபாரியாவது வாங்க மறுத்தால் அன்றைக்கு அவன் விற்க வைத்திருக்கும் சரக்கு முழுவதும் பறிமுதல். பரிசோதகன் வேலைக்கு உட்காராவிட்டால் ஐம்பது கசையடி. பிரேயஸ் துறைமுகத்துக்கும் தனியாக ஒருவன்.

நம்மிடம் இவனுக்குப் பெயர் வண்ணக்கன். சங்கப் புலவர்களில் சிலர் அந்தப் பட்டத்தோடே அறியப்படுகிறார்கள். ஏதென்ஸின் வண்ணக்கன் சுதந்திர மனிதன்கூட அல்ல. அவன் வாக்கு குடிமகனின் சொத்தைக் கட்டுப்படுத்துகிறது; அவன் முதுகு குடிமக்களின் கசைக்குக் கட்டுப்பட்டது. மதிப்பை நிர்ணயிப்பவனுக்கு ஊரில் மதிப்புக் கிடையாது என்ற இந்த அமைப்பைப் பற்றி யோசிக்க விமர்சகர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நான் கவனிப்பது இன்னொன்றை. சட்டம் இரண்டு விதமான பொய்களைத் தனித்தனியாக நடத்துகிறது. உலோகம் பொய்யானால் வெட்டு. முத்திரை மட்டும் பிறருடையதானால் வெட்டு இல்லை; ஊர் தன் பெயரைக் கொடுக்க மறுத்துத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். இதற்கு 30 வருஷம் முன்பு மூன்றாவது விதமும் நடந்தது. போரில் சுரங்கங்களை இழந்த ஏதென்ஸ் செம்புக்கு வெள்ளி பூசித் தானே காசு வெளியிட்டது. முத்திரை உண்மை, உலோகம் பொய். கி.மு. 405 இல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோபனிஸ் ஊர் தன் நல்ல மனிதர்களை ஒதுக்குவதை நல்ல பழங்காசுகளை ஒதுக்குவதோடு ஒப்பிட்டது இந்தச் சூட்டில்தான். நம் 'நாணய'த்துக்கு அவர் அருகில் வந்த இடம் அது.

இன்றைக்கு ஒரு பூச்சுக் காசு கிடைத்தால், அது அன்றைய கள்ளன் செய்ததானாலும் அரசு செய்ததானாலும், பழம்பொருள். அசல். அதற்கு விலை உண்டு. வண்ணக்கன் வெட்டிப்போட்ட காசும் அந்த வெட்டோடு இன்று அருங்காட்சியகத்துக்கு ஏற்றது. அன்றைய பொய், காலத்தால் உண்மையாகிவிட்டது. நேற்று வார்த்த போலிக்குத்தான் கதியில்லை, அதுவும் இன்னும் 2,000 வருஷம் பொறுத்தால் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கள்ள அச்சு வெட்டிய பெக்கரின் காசுகளை இப்போது பெக்கருடையவை என்றே சேகரிக்கிறார்கள். அப்படியானால் நாம் விலை கொடுப்பது வெள்ளிக்கும் அல்ல, அழகுக்கும் அல்ல, ஊரின் சம்மதத்துக்கும் அல்ல. அந்தக் குறிப்பிட்ட சுத்தியலின் கீழ் அந்தக் குறிப்பிட்ட நாளில் இது இருந்தது என்ற நிகழ்வுக்கு. நிகழ்வைக் கண்ணால் பார்க்க முடியாது, தடயங்களைத்தான் பார்க்கலாம். பதக்கத்தில் தடயம் வளையத்துக்கு உள்ளே இருக்கிறது.

சகோதரிகளின் சண்டை இந்தப் புள்ளியில் நின்றது. திறந்து பார்த்துத் தெரிந்த விலையைப் பிரிக்கலாம் என்றாள் இளையவள். பாட்டி அணிந்தது வளையத்தோடு சேர்ந்தது என்றாள் மூத்தவள். நான் சொன்னது இது: கழற்ற வேண்டாம் என்கிறவள் சந்தேகத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறாள், அதன் செலவையும் அவளே ஏற்கட்டும். அசலென்றே கொண்டு, தழும்புள்ள அசலுக்கு என்ன தருவார்களோ அதில் பாதியை அவள் தரவேண்டும். அப்போது லண்டனில் ஊனமில்லாத நல்ல ஆந்தைக்கு ஆயிரம் பவுண்டை ஒட்டிக் கொடுத்தார்கள். இதற்கு நானூறு என்று வைத்தேன், தங்கம் தனி. மூத்தவள் உடனே சம்மதித்தாள். மறுத்தவள் இளையவள். காசு பொய்யாக இருந்தால் நான் அக்காவிடம் களவு செய்தவளாவேன் என்றாள். காசுக்கு அல்ல, திறக்காமலிருப்பதற்குத்தான் அந்தப் பணம் என்று வாதித்தேன். தர்க்கம் சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவள் பேசியது 'நாணயம்' என்ற நம் சொல்லின் இரண்டாவது அர்த்தத்தில், அங்கே என் தர்க்கத்துக்கு வேலை கிடையாது. கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தாள்: என்றைக்காவது வளையம் திறக்கப்பட்டு உள்ளே இருப்பது போலி என்று தெரிந்தால் தானோ தன் பிள்ளைகளோ பணத்தைத் திருப்பித் தருவோம். இதனால் சந்தேகமும் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. மூத்தவளின் வாரிசுகளுக்குத் திறந்துபார்க்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, இளையவளின் வாரிசுகளுக்குத் திறக்காதிருக்க ஒரு காரணம். பொம்போனியுஸ் ரசித்திருப்பார்.

வெட்டுவதா விடுவதா என்பதில் என் சாய்வு தெரிந்திருக்கும். எதிர்த்தரப்பில் நிற்பவர் சாமானியமானவர் அல்ல. கருங்கடல் கரைச் சினோப்பில் பிறந்த டயோஜினிஸ், நாணயத்தை அடித்துச் சிதைத்த வழக்கில் தந்தை ஹிகேசியஸோடு சம்பந்தப்பட்டு ஊரைவிட்டுப் போனவர் என்று மரபு. 'நோமிஸ்மா'வை மாற்றி அடி என்று தெய்வவாக்கு சொன்னதாகவும், அவர் அதைக் காசு என்று எடுத்துக்கொண்டதாகவும், பிற்பாடு வழக்கம் என்று எடுத்துக்கொண்டதாகவும் கதை. இதில் கதையல்லாத பகுதியும் இருக்கிறது. அந்தக் காலத்துச் சினோப் காசுகளில் ஹிகேசியஸ் என்ற பெயர் பொறித்தவை கிடைத்துள்ளன. உளியால் ஆழமாக வெட்டப்பட்டவையும் நிறையக் கிடைத்துள்ளன. வெட்டுப்பட்டவை பெரும்பாலும் வெளியார் அடித்த போலிகள் என்றும், வெட்டியவர்கள் ஊரின் நம்பகத்தைக் காத்தவர்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. அது சரியானால், மரபை உடைத்தவர் என்று நாம் கொண்டாடும் மனிதர் தொடங்கியது வண்ணக்கனின் வேலையில். உடைப்பதும் பரிசோதிப்பதும் உளிக்கு ஒரே அசைவு. காசில் விழுந்த வெட்டைப் பார்த்து வெட்டியவனின் நோக்கத்தைச் சொல்ல எந்த நிபுணனாலும் முடியாது.

வெட்டப்பட்ட காசு பிறகு எங்கே போயிற்று என்பதும் நிகோபோனின் சட்டத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவனுக்குத் திருப்புவதில்லை, உருக்குவதும் இல்லை. தேவர்களின் தாய்க்கு உரியதாக்கி ஆட்சி மன்றத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பொய்க்காசு தெய்வத்தின் சொத்தாவது ஏதென்ஸுக்குப் புதிதல்ல. அக்ரோபொலிஸின் கோயில் பொருளாளர்கள் ஒவ்வொரு வருஷமும் பொறுப்பை ஒப்படைக்கும்போது இருப்பதையெல்லாம் கல்லில் வெட்டிவைத்தார்கள். தங்கக் கிரீடங்களும் வெள்ளிக் கிண்ணங்களும் எடை போட்டு எழுதப்பட்ட அந்தப் பட்டியல்களில் கள்ளக் காசுகளுக்கும் இடம் உண்டு. அவற்றையும் கணக்கில் ஏற்றி அடுத்த வருஷத்தவர்களிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள்.